எந்த இனிஷியல்

வெள்ளிக்கிழமை, இரவு.

எங்கள் திண்டிவனம் கிளையின் மெயில் கணக்குகளை எல்லாம் இன்று விழுப்புரம் தலைமை அலுவலகத்தின் புது டொமைனுக்கு மாற்றினோம். என்னுடையது மட்டும் போகவில்லை. பழைய கணக்கில் கணவரின் இனிஷியல் இருக்கிறது. விவாகரத்துக்குப் பிறகு ஊழியர் பதிவில் அப்பாவின் இனிஷியலுக்கு மாறியிருந்தேன். இரண்டும் ஒத்துப்போகாமல் நின்றுவிட்டது.

விழுப்புரத்தில் இந்த மாற்றத்தைப் பார்க்கிற மோகன் போன் செய்தான்.

"அக்கா, எல்லாரும் உள்ள வந்துட்டாங்க. நீங்கதான் வாசல்லயே நின்னுக்கினு இருக்கீங்க. பேஜாரே வேணாம், பழைய இனிஷியலே போட்டுடட்டுமா? மெயில் மொத்தமும் வந்துடும்."

"இனிஷியலே இல்லாம விட முடியாதா?"

"கட்டம் காலியா இருந்தா சிஸ்டம் ஒத்துக்காதுக்கா. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். கிளையில் கம்ப்யூட்டர் வேலை என் பொறுப்பு. காலையிலிருந்து மற்றவர்களுக்கு அதைச் சொல்லிக்கொண்டிருந்ததே நான்தான்.

"அப்பாவோடதைப் போடுப்பா."

"அப்போ புதுக் கணக்குதான். பழசு ஒண்ணும் வராது, பரவாயில்லியா?"

"பரவாயில்ல."

திறந்து பார்த்தேன். ஒன்றுமே இல்லை. மகளின் பள்ளிச் சேர்க்கை, கணவராக இருந்தவர் ஆபீஸ் நேரத்தில் எழுதிய சண்டைகள், சமாதானங்கள் எல்லாம் பழைய சர்வரில்தான் இருக்கின்றன. திங்கட்கிழமை அதை அணைக்கப்போகிறவளும் நான்தான். அதற்குள் வேண்டியதை எடுத்து வைத்துக்கொள்ளலாம். எதை எடுப்பது என்று இவ்வளவு நேரம் யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை.