விறாந்தையில் கேட்டது

ஒக்டோபர் 3, வியாழன்

சாகிறவன் கடைசியாகச் சொன்ன வார்த்தை யாருக்குச் சேரும்? கேட்டவளுக்கா, நீதிஸ்தலத்துக்கா, பெண்சாதிக்கா? எனக்கு விடை தெரியவில்லை. மிஷன் விடுதியில் தர்க்கமும் வானசாஸ்திரமும் படித்தவள். ஒன்றும் உதவவில்லை.

நேற்று நடந்தது, ஒழுங்காக. பன்விலப் பக்கத்துக் கோப்பித் தோட்டமொன்றிலிருந்து நான்கு பேர் ஒருவனைச் சாக்குத் தொட்டிலில் கட்டித் தூக்கிவந்தார்கள். கண்டி ஆஸ்பத்திரிக்கு. மழை பிடித்துக்கொள்ள, எங்கள் பள்ளிக்கூட விறாந்தையில் இறக்கினார்கள். பெயர் வீரன். கோப்பி ஸ்டோரின் மேல்தட்டிலிருந்து விழுந்துவிட்டானாம். காயம் தலையின் பின்பக்கம். தூக்கியவர்கள் கிணற்றடிக்குப் போனார்கள். நான் தண்ணீர் கொடுக்கக் குனிந்தேன். கண் திறந்தான்.

"சின்னையா, போதும்டா. ஒன் தங்கச்சி பாத்துக்கிட்டு நிக்கிறா."

தெளிவாக. என்னைப் பார்த்து அல்ல. அதற்குப் பிறகு மூச்சில்லை.

சின்னையா: கங்காணி, ஆட்களைக் கூட்டிவந்து வேலை வாங்குகிறவன். செத்தவனின் மைத்துனன், பெண்சாதியின் அண்ணன். தொட்டிலின் முன்கொம்பைச் சுமந்து வந்தவனும் அவன்தான். தோளில் கொம்பு அழுத்திய தடம், இரத்தம் கட்டி.

கொன்ஸ்தாபலிடம் "ஏதோ பேசினார்" என்றேன். என்ன பேசினார் என்று சொல்லவில்லை. ஏன் பாதி மட்டும்?

விறாந்தை மூன்று தரம் கழுவியாயிற்று. பெரிய வகுப்புக்குப் பின்னக் கணக்கு.

ஒக். 6, ஞாயிறு

வெயில். பிரசங்கம் நீளம்.

வீட்டுக்கு வந்தால் படியில் ஒரு பெண். செல்லாயி, வீரனின் மனைவி. இருபத்தைந்து இருக்கும். இடுப்பில் பெண்குழந்தை. விடியமுன் நடக்கத் தொடங்கியவள். அவன் கிடந்த இடத்திலேயே போய் நின்றாள். அவளுக்குத் தெரியாது. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"அம்மா, அவரு பேசினாருன்னு போலீசுல சொன்னது நீங்களா?"

"ஓம்."

"போலீசு வந்து அண்ணன விசாரிச்சிச்சு. நான்தான் பிராது குடுத்தேன்னு லயத்துல நெனைக்கிறாங்க. நெருப்புத் தர மாட்டேங்கிறாங்கம்மா."

விளங்கவில்லை. சொன்னாள். லயத்து வரிசை வீடுகளில், காலையில் எந்த வீட்டு அடுப்பில் கங்கு இருக்கிறதோ அங்கே போய்த் தேங்காய்ச் சிரட்டையில் வாங்கிவந்துதான் மற்றவர்கள் மூட்டுவார்கள். மூன்று நாளாக இவள் சிரட்டையோடு நின்றால் கதவைச் சாத்துகிறார்கள். போன மாதம் இவள் பிரசவம் பார்த்துவிட்டவளின் கதவும்.

"கோர்ட்டுல ஒண்ணும் சொல்லிப்புடாதீங்க. அண்ணன் உள்ள போயிட்டா முப்பது பேரும் யாரு பின்னாடி போறது? அண்ணன் கூட்டியாந்த சனந்தானே எல்லாரும்."

சண்டை எதனால்? வீரன் வேறு கங்காணியிடம் போகிறேன் என்றானாம். அவ்வளவுதான். மம்பட்டிப் பிடியால் அடி.

"நீ பார்த்தாயா?"

"நான் எங்கிட்டோ பழம் பறிச்சுக்கிட்டு இருந்தேன்."

பொய். பொய் என்று எனக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாது.

ஒரு நெருப்புப்பெட்டி கொடுத்தனுப்பினேன். கெட்டிக்காரத்தனமான உதவி என்று பட்டது.

ஒக். 9, புதன்

மழை. அழைப்பாணை வந்தது. செவ்வாய், பத்து மணி.

வாங்க: சுண்ணக்கட்டி, வெள்ளை நூல், விளக்குத் திரி.

மூன்றாம் வகுப்பு சேர்ந்து வாசிக்கும்போது நடுவில் அந்தக் குரல். "போதும்டா." பிள்ளைகளை நிறுத்தச் சொன்னேன். ஏன் என்று கேட்டார்கள். கூரையில் மழை விழுந்தாலே வருகிறது. இந்த ஊரில் எந்த நாள் மழையில்லை?

மிஷன் துரைசானியிடம் யோசனை கேட்கவில்லை. அவர் சொல்லப்போவது தெரியும். ஜெபிப்போம் என்பார்.

சமையற்கார அன்னம்மா கேட்காமலே சொன்னாள்: "காது கேக்கேல்லை எண்டு சொல்லிவிடுங்கோவன். அம்பது வயசாகப் போகுது, ஆர் இல்லையெண்டு சொல்லப் போறான்?"

"நாற்பத்தொன்பது."

"ஓம், ஓம். ஒரு காது மட்டும் கேக்கேல்லை எண்டு சொல்லுங்கோ."

சிரித்தேன். பிறகு வெட்கம்.

ஒக். 13, ஞாயிறு

மப்பு. செல்லாயி மறுபடி. நெருப்புப்பெட்டியைத் திருப்பித் தந்தாள். நான்கைந்து குச்சி குறைவு.

"கோவிச்சுக்காதீங்க. இது வந்தப்புறம் ரொம்ப மோசமாப் போச்சு. 'அவளுக்கென்ன, கண்டியிலருந்து நெருப்பு வருது, நம்ம எதுக்கு?'ன்னு சாடை பேசுறாங்க. எனக்கு அவங்க அடுப்புலருந்து வேணும்மா."

வாங்கி வைத்துக்கொண்டேன். அவளுக்கு நெருப்பில்லை என்று நினைத்தேன். என் படிப்பு அவ்வளவுதான்.

செவ்வாய் நல்லபடி முடிந்தால் மாரியம்மன் கல்லுக்கு முன்னால் எல்லோரும் ஒரே பானையில் பொங்கிச் சாப்பிடுவதாகப் பேச்சாம். சின்னையா குழந்தையைத் தன் பிள்ளையாக வளர்ப்பானாம். சமாதானம் என்கிறார்கள். ஒருவன் மண்ணுக்குள் இருக்கிறான். அவன் பங்கை யார் கேட்பது?

இதை அவளிடம் கேட்கவில்லை. கேட்கலாமா? பானையில் பங்கு எனக்கில்லை.

ஒக். 14, திங்கள்

மழை, விட்டுவிட்டு. கொப்பிகள் திருத்தினேன், பத்தொன்பது. ஒன்றில் இரண்டு தரம் பிழை போட்டிருக்கிறேன், சரியான விடைக்கு.

சொன்னால் முப்பது பேர் சிதறுவார்கள், இவள் முதலில். சொல்லாவிட்டால் அடித்துக் கொன்றவன் நாளை மறுநாள் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவான். இரண்டும் தெரிகிறது. நாளை வாயில் என்ன வரும் என்பது தெரியவில்லை.

ஒக். 15, செவ்வாய்

மழை இல்லை. நீலச் சேலை.

பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள். பேசினானா? பேசினார். என்ன சொன்னான்? "மழைச் சத்தம். தெளிவாகக் கேட்கவில்லை." இங்கிலீசில் சொன்னேன், நடுங்காமல். மொழிபெயர்க்கும் முதலியார் அதைத் தமிழில் உரக்கச் சொன்னார். அப்போதுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. சின்னையா என்னைப் பார்த்தான். நன்றி இல்லை அதில். அவன் அன்று கிணற்றடியில் எவ்வளவு தூரத்தில் நின்றான்?

சாட்சியம் போதாது. சின்னையாவை விட்டுவிட்டார்கள்.

வெளியே மரத்தடியில் தோட்டத்துச் சனம் சோற்று மூட்டைகளை அவிழ்த்தது. செல்லாயி தள்ளி நின்றாள். ஒரு கிழவி நகர்ந்து இடம் விட்டு, "ஏண்டி, ஒனக்குத் தனியா வெத்தல பாக்கு வச்சு அழைக்கணுமா? ஒக்காரு," என்றாள். குழந்தையை வாங்கி ஒரு வாய் ஊட்டினாள். முடிந்தது என்று நினைத்து வீட்டுப் பக்கம் திரும்பினேன்.

செல்லாயி பின்னால் வந்தாள், குழந்தையோடு.

"அம்மா. நெசமாவே கேக்கலியா?"

சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"அண்ணனப் பத்தி வேணாம். என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா? அத மட்டும் சொல்லுங்க."

இன்னொரு பொய் பெரிய காரியமில்லை. காலையில் ஒன்று சொல்லியிருந்தேன். முடியவில்லை. அவன் சொன்னபடியே சொன்னேன், அவன் பேச்சிலேயே, முழுவதும்.

குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள்.

"ஆமா. நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன்."

தெருவிலிருந்து சின்னையாவின் குரல்: "செல்லாயி, பொழுது சாயுமுன்ன ஆத்தத் தாண்டணும். கெளம்பு."

"வாரேண்ணே," என்றாள். போனாள்.