மூன்று ஊதலும் ஐந்து நாறல் மீனும்

யூலை 8, செவ்வாய்

கச்சான் காற்று. முற்றத்து மணல் முழுவதும் லெப்டொப்பின் கீபோட்டில். துடைத்தேன். மறுபடி மணல்.

இன்று ஆடியது: விண்வெளியில் கோழி வளர்க்கும் கேம். விலை ஒரு பிளேன்ரீயும் உழுந்து வடையும். வடையையே தின்றிருக்கலாம். கோழி முட்டையிட ஒரு யுகம் எடுத்தது. இட்ட முட்டை சுவருக்குள் புகுந்து மறைந்தது. கூடவே புகுந்துவிட எனக்கும் ஆசை.

மன்றத்தின் தீர்ப்பு (மன்றம் = நான்): நாறல் மீன் நான்கு. மீன் கூடக் கூட மோசம், ஐந்து உச்சம். இதுவரை எவருக்கும் வழங்கப்படவில்லை.

இணையத்தில் கேம் விமர்சனம் எழுதும் என் பெயர் சக்கரவர்த்தி. சறோவைத் தவிர யாருக்கும் தெரியாது. கட்டியவளுக்கு மறைக்க ஏலாது.

சறோ: "பென்சன் எடுத்த மனுசர் கோயில் குளம் எண்டு போவினம். நீங்கள் கோழியோட சண்டை பிடிக்கிறியள்."

சக்கரவர்த்திகள் குசினியோடு வாதிடுவதில்லை.

யூலை 9, புதன்

வெயில். துறைமுகத்துத் தண்ணீர் கொதித்து, மீன் எல்லாம் அவிந்தே கரைக்கு வரும்போல.

புதுக் கேம்: "குட்டி டக்". பெரிய கப்பல்களை இழுத்துக் கட்டும் டக் படகு. செய்தவன் முப்பத்தொரு வருடம் டக்கில் நின்றவனிடமே வந்து மாட்டினான்!

பத்தாவது நிமிடம். படகு மூன்று தரம் ஹோன் அடித்துவிட்டு முன்னுக்குப் பாய்கிறது. முன்னுக்கு! உலகத்தில் கப்பல் ஓடுகிற தண்ணீர் எல்லாவற்றிலும் மூன்று குறு ஊதல் என்றால் எஞ்சின் பின்னுக்கு அடிக்கிறது என்று அர்த்தம். பாலத்தடித் தவளைக்கும் தெரியும். மூடினேன். முடிக்கவில்லை. (எந்தக் கேமை முடித்திருக்கிறேன்?)

எழுதியது: "இதைச் செய்தவர் கடலைக் குளியலறை வாளியில் மட்டும் கண்டவர். சுக்கான் பிடிக்கும் அந்தத் தொப்பைக் கப்டனை எந்தத் துறைமுகமும் நங்கூரமாக மட்டுமே வேலைக்கு எடுக்கும்."

நாறல் மீன் ஐந்து. வரலாற்றில் முதல் தடவை. அந்தக் கேமுக்கு வந்த முதல் விமர்சனமும் என்னுடையதே. மனம் நிறைந்து இரண்டு தட்டுப் புட்டு.

யூலை 11, வெள்ளி

துவாரகா வந்தாள். கப்பல்துறை ஊரில் இருக்கும் தங்கச்சியின் மகள். கண் வீங்கியிருந்தது. வீட்டிலிருந்து ஏதோ கொம்பியூட்டர் வேலை என்பதற்கு மேல் நான் ஒருநாளும் விசாரித்ததில்லை. போனை நீட்டினாள்.

"மாமா, ரெண்டு வருசமா இருந்து செய்த கேம். ஒரு விசரன் கிழிச்சுப் போட்டிருக்கிறான். அதுக்குப் பிறகு ஒருத்தரும் வாங்கேல்லை."

திரையில் குட்டி டக். கீழே ஐந்து நாறல் மீன்.

குசினியில் சறோவின் கையிலிருந்து சட்டி மூடி விழுந்தது.

"மூண்டு தரம் ஊதினா பின்னுக்காம். மூண்டு ஊதினா கடல் எழும்பி வழி விடும், டக் பாயும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? கப்டனுக்குத் தெரியாதது இந்த விசரனுக்குத் தெரியுமோ? நீங்கள் எழுதுங்கோ மாமா. உங்கட பேர் போட்டு, முப்பத்தொரு வருசம் கப்டனா இருந்தனான் எண்டு."

அந்தத் தொப்பை எவருடையது என்று அப்போதுதான் உறைத்தது. மீசையும்.

"ஓம் பிள்ளை, பாப்பம்" என்றேன். அப்போது வாய் கூசவில்லை. இப்போது கூசுகிறது.

மறக்காமல் இருக்க: அவளுக்கு அப்போது ஐந்து வயது. இறங்குதுறையில் ஹோன் சத்தத்துக்குப் பயந்து என் சாரத்தைப் பிடித்துக்கொண்டு அலறினாள். வாயில் வந்ததைச் சொன்னேன். அழுகை நின்றது.

நான் கப்டனும் அல்ல. கயிறு பிடித்தவன்.

யூலை 12, சனி

காற்று. பசி இல்லை. வழிகள்:

1. விமர்சனத்தை அழித்துவிட்டுக் கல்லுப்போல் இருத்தல்.
2. மூன்று ஊதினால் முன்னுக்குத்தான் என்று சொந்தப் பெயரில் சத்தியம் செய்தல். பழைய டக் கூட்டாளிகள் சிரித்தே சாவார்கள். செத்தவீடுகளுக்கு நானே போகவேண்டும்.
3. ஈச்சிலம்பற்றுக்கு ஓடித் தலைமறைவாதல்.

நான்காவதைச் சறோ சொன்னாள். "போய் உள்ளதைச் சொல்லிப்போட்டு வாங்கோ. அதுக்குப் பிறகுதான் சோறு."

கண்ணாடியில் முகம் பார்த்தேன். நாறல் மீன் ஆறு.

யூலை 13, ஞாயிறு

கண்டி றோட்டு பஸ். கப்பல்துறை. வாசலிலேயே சொல்லிவிட்டேன், அந்த விசரன் நான்தான் என்று.

ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

"அப்ப மூண்டு ஊதல்?"

"பின்னுக்குத்தான்."

"கடல் எழும்புறது?"

"நீ அழுதாய் பிள்ளை."

"கப்டன்?"

"கயிறு."

உள்ளே போய்விட்டாள். தங்கச்சி தேத்தண்ணி தரவில்லை. என்ன நடந்ததென்று அவளுக்குத் தெரியாது, ஆனாலும் தரவில்லை. வெகுநேரம் கழித்துத் துவாரகா வந்தாள்.

"அழிக்கச் சொல்லமாட்டன் மாமா. அந்த ஊதல் கதை சரிதானே. ஆனா பத்து நிமிசம் விளையாடிப்போட்டு எழுதினனீங்கள். முடிவில என்ன இருக்கெண்டு பாக்கேல்லை. அதுதான் தாங்க ஏலாமல் கிடக்கு."

பஸ்ஸில் இருக்கை கிடைத்தது. இருக்க மனம் வரவில்லை. நின்றேன்.

யூலை 16, புதன்

கேமுக்குத் திருத்தம் வந்திருக்கிறது. காலையில் தொடங்கி, மத்தியானச் சோற்றையும் மேசைக்கே எடுத்து, கடைசிவரை ஆடினேன். என் வாழ்நாளில் முதல் தடவை.

மூன்று ஊதலுக்கு டக் பின்னுக்குப் போகிறது. சுக்கானில் யாரோ ஒரு மெல்லிய பெண். தொப்பைக்காரன் பின்தட்டில், கையில் கயிறு. கடைசிக் கட்டத்தில் படகில் ஒரு சின்னப்பிள்ளை ஏறுகிறது. ஹோன் அடித்ததும் அழுகிறது. தொப்பைக்காரன் குனிந்து சொல்கிறான்: "பயப்பிடாத பிள்ளை, கடல் எழும்பி வழி விடும்." அழுகை நிற்கிறது. படகு பின்னுக்குப் போகிறது. அவ்வளவுதான் முடிவு.

கண்ணில் மணல். கச்சான்.

பழைய விமர்சனத்தை அழிக்கவில்லை. கீழே சேர்த்தேன்: மேலே உள்ளதை முடிக்காமல் எழுதினேன், ஊதல் பொய்யை இதைச் செய்தவருக்குச் சொன்னவனும் நானே, இப்போது முழுவதும் ஆடினேன், வாங்கி ஆடுங்கள்.

நாறல் மீன் ஒன்று, தொப்பையைப் பெருப்பித்ததற்கு.

சக்கரவர்த்தி என்று போடவில்லை. சொந்தப் பெயர். தொழில்: கயிறு.