நம் பெயரில் ஒரு தீர்ப்பு

அன்பு மகள் நோரீனுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சுகம், அலாஸ்காக் குளிரில் நீயும் அப்படியே இருக்கக் கர்த்தரை வேண்டிக்கொள்கிறோம். மனசு எப்படி இருக்கிறது என்று கேட்காதே, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். தம்பி டெல்பர்ட்டின் அப்பீல் தோற்றுவிட்டது. ஏழு வருடத் தண்டனையில் ஒரு நாள்கூடக் குறையவில்லை. ஏற்கெனவே தண்டனை பெற்றவன் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று தெரிந்தும் மான் வேட்டைக்கென்று கட்டிலுக்கடியில் வைத்திருந்தான், அதற்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் அதைப் போலீஸ் கண்டுபிடிக்க வழிவிட்ட புத்திசாலி நான்தானே. அன்றைக்கு நல்ல மழை, ஷெரிஃப் ஆட்கள் இரண்டு பேர் வாசலில் நனைந்துகொண்டு நின்றார்கள், கையில் வாரண்ட் கிடையாது. நனைந்து நிற்கிறவனை வெளியே வைத்துப் பேசுகிற வழக்கம் நம் மலைப்பக்கத்தில் எங்கே இருக்கிறது, உள்ள வாங்க தம்பிகளா, காலைத் தொடைச்சுக்கிட்டாப் போதும் என்றேன். அம்மா காப்பியும் சோள ரொட்டியும் வைத்தாள். சாப்பிட்டு முடித்து, வீட்டை ஒரு சுத்து பாத்துக்கலாமா பெரியவரே என்று அவர்களில் ஒருவன் மரியாதையாகக் கேட்டான். நம் ரொட்டியைத் தின்றுவிட்டு உட்கார்ந்திருக்கிறவனிடம் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வருமா. தாராளமாப் பாருங்க, தூசிதான் கெடைக்கும் என்று தமாஷ் வேறு பண்ணினேன். டெல்பர்ட் வேலைக்குப் போயிருந்தான், அவன் அறைக்கதவு சாத்தியிருந்தது, நாங்களே தட்டிவிட்டுத்தான் போவோம்.

வளர்ந்த மகனின் அறையைச் சோதிக்க அப்பன் சொல்கிற சரி போதுமா என்று நம் மாநிலத்தில் இதுவரை யாரும் தீர்த்துச் சொன்னதில்லையாம். சட்டசபை போட்ட சட்டத்திலும் இல்லையாம். இப்போது அது போதும் என்று மூன்று நீதிபதிகள் எழுதிவிட்டார்கள். வீட்டுக்காரர் காப்பியும் ரொட்டியும் கொடுத்து உபசரித்திருக்கிறார், ஆகவே வற்புறுத்தல் இல்லை என்று தீர்ப்பில் இருக்கிறது. அதை நம் வக்கீல் அம்மா படித்துக் காட்டியபோது, என் ரொட்டிய எதுக்கு எழுதுனாங்க, அதுவா குத்தம் பண்ணுச்சு என்று கேட்டாள் உன் அம்மா. அதற்கப்புறம் அவள் அடுப்பில் அந்த ரொட்டிச் சட்டி ஏறவில்லை. வக்கீல் அம்மா சொன்னாள், இனிமே இது உங்க வழக்கு மட்டும் இல்ல ஸ்டிதம் சார், இதுதான் சட்டம், நெலத்தகராறு, சுரங்க விபத்து, பிரிஞ்சவங்கள்ல புள்ள யாருக்குங்கிறது, எதை எடுத்தாலும் பாதிச் சட்டம் இப்படி எவனோ ஒருத்தன் தோத்த கதைதான் என்று. ஒன்பதாவது தாண்டாதவன் நான், வக்கீலுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குப் பாடமாகிவிட்டேன் பார் என்று வண்டியில் வரும்போது சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

போன வாரம் எனக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. ஆற்றங்கரை வீட்டு ஓப்பல் காம்ஸை உனக்கு நினைவிருக்கும். அவளும் இதே மாதிரி ஷெரிஃப் ஆட்களை உள்ளே கூப்பிட்டவள்தான், அவள் மகன் வழக்கிலும் இதே கேள்விதான். அரசு வக்கீல் எழுந்து, அரசு எதிர் ஸ்டிதம் என்று நம் வழக்கின் பெயரை மட்டும் சொன்னாராம், நீதிபதி தலையாட்டினாராம், அதோடு முடிந்தது. கடையில் என்னைப் பார்த்தவள் கோபப்படவில்லை. ஒன் பேரைச் சொன்னதும் நமக்கு நல்லதுன்னுதான் நெனச்சேன் ஹார்லன், தெரிஞ்ச பேராச்சே என்றாள். பிறகு டெல்பர்ட் சாப்பிடுகிறானா என்று விசாரித்துவிட்டுப் போனாள். நான் மாவு வாங்கப் போனவன், வெறுங்கையோடு வந்தேன்.

அதனால் மகளே, உன் அம்மா வளர்த்ததற்கு நேர்மாறாக ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். யார் கதவைத் தட்டினாலும் நீ வெளியே போய், கதவைச் சாத்திவிட்டு, அங்கே நின்று பேசு. பனி கொட்டினாலும் சரி. கெட்ட பெண் என்று நினைத்துவிட்டுப் போகட்டும். தம்பிக்கு மறக்காமல் எழுது, என் கடிதத்துக்கு அவன் பதில் போடுவதில்லை, உனக்குப் போடுவான். கல்யாணம் என்று ஒன்று வந்தால் புருஷன் பெயரைப் போட்டுக்கொள்ளத் தயங்காதே, எனக்கு வருத்தமே இல்லை. கர்த்தர் உன்னைக் காத்து நடத்தட்டும், அம்மாவின் முத்தங்கள்.

கடிதத்தின் அடியில் முழுப் பெயர் போடுகிறவன் நான், உனக்குத் தெரியும். இந்த முறை கை வரவில்லை.

உன் அப்பா