நத்தையின் வாயைத் திருப்பிய வாரம்

28-1-74, திங்கள்

காலையில் பனி. அந்தோணி மேஸ்திரி தாமதம். வந்ததும் டீ கேட்டார். நல்லூரில் இத்தனை ஒர்க்‌ஷாப் இருந்தும் இவரிடம் மாட்டினேன்.

வீட்டு வாசலிலேயே வேனின் பெட்ரோல் எஞ்சினை இறக்கியாயிற்று. பெட்ரோல் விற்கிற விலையில் நூல் பொதி ஏற்றிக் கட்டுப்படியாகாது. கோவை ஏலத்தில் எடுத்த டீசல் எஞ்சின் ஏற வேண்டும். பக்கவாட்டில் நத்தைக் கூடு மாதிரி ஓர் உறுப்பு.

"இதென்னுங்க நத்தையாட்ட?"

டர்போ சார்ஜர் என்றேன். புகை போகிற வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குக் கூடுதல் காற்றைத் திணிக்கும். விளக்கினேன். பி.எஸ்ஸி. பௌதிகம், முதல் வகுப்பு. என்னைத் தாண்டித் தலைமையாசிரியர் ஆனவனுக்கு சைக்கிள் பம்ப் கூட விளங்காது. அதனால்தான் வாத்தியார் வேலையை விட்டேன்.

"கழட்டி எறிஞ்சிரலாமுங்க" என்றார் மேஸ்திரி.

வெள்ளிக்கிழமை ஊத்துக்குளிக்குப் போக வேண்டும், மகள் கலாவுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளையின் வீடு பார்க்க. பத்தரைக்கு ராகு காலம். அதற்கு முன் அவர்கள் வாசலில் நிற்காவிட்டால் சம்பந்தமே சந்தேகம்.

சரஸ்வதி மெல்ல ஆரம்பித்தாள். "ஏனுங்க, தம்பி காரு சும்மாதான நிக்குது?"

அவள் தம்பி கந்தசாமி. மாமனாரின் பனியன் கம்பெனியில் நான் பங்கு கேட்டபோது, "படிச்சவங்களுக்கு எதுக்குங்க மாமா பனியன்?" என்று சிரித்தவன். அவன் காரில் கால் வைப்பதில்லை என்று உறவுக்காரர் அத்தனை பேர் முன்னால் சொன்னேன். அன்று முதல் போடுவதும் கல்கத்தா பனியன்தான். திருப்பூரில் தேடி வாங்க வேண்டியிருக்கிறது. பரவாயில்லை.

29-1, செவ்வாய்

எஞ்சின் உட்கார்ந்துவிட்டது. ஆனால் நத்தையின் வாய் நேராக ஸ்டியரிங் கம்பியில் முட்டுகிறது. வண்டி இடது பக்கம் திரும்பும், வலது பக்கம் திரும்பாது.

மேஸ்திரி நெடுநேரம் யோசித்தார். "ஊத்துக்குளிக்கு எடது பக்கமாவே திரும்பிப் போற வழி ஏதாச்சும் இருக்குதுங்களா?"

சிரிக்காமல் கேட்டார். அதுதான் பயம்.

கம்பியை அறுத்து ஒட்ட வைக்கலாம் என்பது அவருடைய அடுத்த யோசனை. பெண்ணின் அப்பாவாக உயிரோடு போய்ச் சேர விரும்புகிறேன் என்றேன்.

சுண்ணாம்பு, பல்பொடி வாங்க மறந்தேன்.

30-1, புதன்

வழி கண்டுபிடித்தது நான். கூட்டைச் சுற்றியுள்ள போல்ட்டுகளைத் தளர்த்தி, கூட்டை மட்டும் கால் வட்டம் திருப்பினால் வாய் மேலே பார்க்கும். கம்பிக்கு இடம் கிடைக்கும்.

"திருப்பினா ஒடஞ்சிருமுங்க."

உடையாது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்து, மரச்சுத்தியால் தட்டினோம். அசையவில்லை. மேஸ்திரி மாதாவை அழைத்தார். வேலவனை நானும் கூப்பிட்டேன். யார் வந்தார்களோ, 'டக்' என்று திரும்பியது.

வேலை நடக்கையில் நட்டு, தூசு உள்ளே விழாமல் இருக்க வாய்க்குள் பனியன் வேஸ்ட் துணியைத் திணித்தேன். மேஸ்திரிக்கு இதெல்லாம் தோன்றாது. படிப்பு என்பது இந்த மாதிரி இடத்தில்தான் தெரியும்.

துணி, கந்தசாமி கம்பெனி மூட்டையிலிருந்து. ஒவ்வொரு துண்டிலும் முத்திரை: 'காற்றோட்டத்துக்கு உத்தரவாதம்'. துடைக்கத்தான் லாயக்கு.

31-1, வியாழன்

ரப்பர் குழாயெல்லாம் மாட்டி முடித்தோம். ஸ்டியரிங் இரண்டு பக்கமும் திரும்புகிறது. எஞ்சின் முதல் முயற்சியிலேயே எடுத்தது. தெருவே பார்த்தது.

ஆனால் இழுவை இல்லை. ஆக்சிலேட்டரை மிதித்தால் கறுப்புப் புகையும் பெருமூச்சும்.

"புது எடமுங்க, பழகோணும்" என்றார் மேஸ்திரி. மருமகளைச் சொல்வது போல.

மாலையில் கந்தசாமி வந்தான். குனிந்து பார்த்தான். போகும்போது, "எதுக்கும் நான் பொறகாலயே கார்ல வர்றனுங்க மாமா."

எதுக்கும்! அந்த ஒரு சொல்லை மறக்க மாட்டேன்.

1-2, வெள்ளி

விடிந்ததும் கிளம்பியது நல்லதாயிற்று. வேனில் உறவுக்காரர், பழத்தட்டுகள், வெற்றிலை. மேட்டில் ஒரு கட்டை வண்டி எங்களை முந்தியது. வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து, "தள்ளி உடோணுங்களா சாமி?" என்றார். சரஸ்வதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

கந்தசாமி கடைசி வரை முந்தவில்லை. அவ்வளவு பெரிய காரை மாட்டுக்குப் பின்னால் வருகிறவன் மாதிரி உருட்டிக்கொண்டே வந்தான். இதைவிடத் திமிர் உண்டா?

ரயில்வே கேட் மூடியிருந்தது. கந்தசாமி இறங்கி வந்து, "அக்காவாச்சும் கார்ல வரட்டுங்களா மாமா?" என்றான். சரஸ்வதி என்னைப் பார்த்தாள். கேட் திறந்ததும் கியர் போட்டேன்.

ராகு காலம் தொடங்க ஒரு வெற்றிலை போடுகிற நேரம் இருக்கும்போது வாசலில் நின்றோம். மாப்பிள்ளையின் அப்பா கும்பிட்டார். "தூரத்துலயே பார்த்தனுங்க. என்னா நிதானமுங்க! அப்பா இப்பிடின்னா பொண்ணும் தங்கமாத்தான் இருக்கும்."

சம்பந்தம் உறுதி. சாப்பாட்டில் ஊத்துக்குளி நெய், தாராளம். கந்தசாமி இரண்டு முறை வாங்கினான்.

2-2, சனி

மேகமூட்டம். மேஸ்திரி குழாயைக் கழற்றினார். நத்தையின் வாயைத் தாண்டி, வளைவில் என்னவோ கறுப்பாக. கொக்கி போட்டு இழுத்தார். வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது.

"யாருங்க இதை உள்ள வெச்சது?" என்றார் மேஸ்திரி, என்னைப் பார்க்காமல்.

துணி தரம் கெட்டது, நழுவிவிட்டது என்றேன்.

அந்த நேரம் பார்த்து கந்தசாமி வந்து நிற்கிறான். துணியை வாங்கி உதறினான். கரிக்குள் முத்திரை தெளிவாகத் தெரிந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, வாய்க்கு நேரே வைத்து ஊதினான்.

"பாருங்க மாமா, இன்னும் காத்துப் போகுதுங்க. வேற கம்பெனித் துணியா இருந்திருந்தா நேத்து நாம ரயில்வே கேட்டைத் தாண்டியிருக்க மாட்டோம்."

மேஸ்திரி சிரித்தார். சரஸ்வதி சிரித்தாள். உள்ளேயிருந்து கலாவின் சிரிப்பும் கேட்டது.

துணியைக் கேட்டு வாங்கி, மடித்து எடுத்துப் போயிருக்கிறான். கம்பெனிக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப் போகிறானாம்.

கல்யாணத்துக்கும் வேன்தான் என்று சொல்லிவிட்டேன்.

பிற்பகல் வெயில் வந்துவிட்டது. மேலே கல்கத்தா பனியன். வியர்க்கிறது.