முதல் விருப்பத்தை மாற்றியது யார்

ஆறாம் தேதி, சனிக்கிழமை

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் இடது முழங்கால் மட்டும் சுகமில்லை, பஸ் ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் இருப்பதுதான் என்று அவரே வைத்தியரும் ஆகித் தீர்ப்பும் சொல்லிவிட்டார். நீயும் உன் பால்கனியில் இருக்கும் பதினொரு செடித் தொட்டிகளும் சுகமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று உனக்குத் தோன்றும். போனில் நான் வாயைத் திறந்தால் நீ பேச ஆரம்பித்துவிடுகிறாய். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை, கடைசி வரி வரைக்கும் நான்தான் பேசுவேன், நீ கேட்டுத்தான் ஆக வேண்டும்.

மூன்று வருடம் மாலைப் பள்ளிக்கு நடையாய் நடந்து, நாற்பத்தெட்டு வயதில் பன்னிரண்டாம் வகுப்பு பாஸ் செய்தவள் நான். உயிரியலில் எண்பத்தெட்டு. கணக்கில் எவ்வளவு என்பது நமக்குள் இருக்கட்டும். ரிசல்ட் வந்த அன்று நீ போனில் அழுதாய், அப்பா டிப்போ முழுக்க ஸ்வீட் கொடுத்தார், எனக்கும் உச்சி குளிர்ந்துதான் போயிற்று, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலையிலிருந்து ஆளாளுக்கு என் எதிர்காலத்தை அமைத்துக் கொடுக்கக் கிளம்பிவிட்டீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. உன் அத்தை, அழகுக்கலை படி அண்ணி, முன்னறையிலேயே கடை போட்டுடலாம், நானே முதல் ஆளா வந்து உக்காருவேன் என்கிறாள். என் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்துத் தலையை நீட்டுகிற தைரியம் அவளுக்கு எங்கிருந்து வந்ததோ. அப்பா, எதை வேணும்னாலும் படி, ஆனா காலேஜ் நம்ம ரூட்ல இருக்கணும், நானே வாசல்ல இறக்கி விட்டுடுவேன் என்கிறார். அந்த ரூட்டில் இருப்பது ஒரே ஒரு காலேஜ், அதில் கப்பல் இன்ஜின் சொல்லித் தருகிறார்கள்.

இவர்களையாவது பொறுத்துக்கொள்ளலாம், வாயோடு நிறுத்திக்கொண்டார்கள். நீ என்ன செய்தாய்? மார்க் பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுடா, எனக்குச் சரியாக வரமாட்டேன் என்கிறது என்று உன்னிடம் பாஸ்வேர்டைக் கொடுத்தேன். ஏற்றியதோடு நிற்காமல் காலேஜ் விண்ணப்பத்தில் இருந்த மூன்று விருப்பங்களையும் நீயே நிரப்பிவிட்டாய். எனக்கு அது எப்படித் தெரிந்தது என்று நினைக்கிறாய்? போன செவ்வாய்க்கிழமை மாலைப் பள்ளியில் மேற்படிப்புக்கு வழி சொல்கிற ஆலோசகர் என்னைக் கூப்பிட்டார். சிவப்புக் கண்ணாடி போட்ட அம்மா, என்னைவிடப் பத்து வயது சின்னவர். திரையைப் பார்த்துக்கொண்டே, முதல் விருப்பம் அலுவலக நிர்வாகம், வீட்டிலிருந்தே படிக்கிறது, ரொம்ப நல்லது என்றார். வேறு யாருடைய படிவத்தையோ பார்க்கிறீர்கள் என்றேன் நான். அவர் திரையை என் பக்கம் திருப்பினார். என் பேர், என் பிறந்த தேதி, போட்டோவில் அந்தத் திருதிரு முழியும் என்னுடையதுதான். நான் கேட்ட, பல் செட் செய்யக் கற்றுத் தருகிற படிப்பு மட்டும் முதலிலும் இல்லை, மூன்றிலும் இல்லை. தலையில் அடித்துக்கொண்டு, இது என் மகன் செய்த வேலை என்றேன். அதற்கு அவர் சொன்னதைப் பிறகு சொல்கிறேன்.

நீ அனுப்பிய அட்டவணையையும் பார்த்தேன். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று படிப்புகளைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, எனக்குப் பிடித்ததை மட்டும் சிவப்பில் போட்டிருக்கிறாய். பக்கத்தில் காரணங்கள் வேறு. கண் பார்வை என்று எழுதியிருக்கிறாய். போன தடவை லீவில் வந்தபோது உன் விரலில் ஏறிய மரச்சிராயைக் கண்ணாடிகூடப் போடாமல் ஊசி நுனியில் எடுத்தது யார்? நின்று செய்யும் வேலை என்று எழுதியிருக்கிறாய். பல் செட் செய்வது ஸ்டூலில் உட்கார்ந்து செய்கிற வேலையடா. நின்றுகொண்டே செய்வது நான் இப்போது பல் கிளினிக்கில் செய்கிற வேலை, காலை எட்டிலிருந்து கருவிகளைக் கழுவி, கொதிக்க வைத்து, தட்டில் அடுக்கி. அம்மா என்ன வேலை செய்கிறாள், எதை உட்கார்ந்து செய்வார்கள் என்றுகூடத் தெரியாமல் அட்டவணை போட உட்கார்ந்துவிட்டாய்.

ஏன் பல் என்று நீ ஒரு தடவையும் கேட்கவில்லை, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். டாக்டர் ஆட்களின் வாயில் அச்சு எடுத்துக் கொடுப்பார், அதில் சுண்ணம் கலந்து ஊற்றி, காய வைத்து, இரண்டு தெரு தள்ளி இருக்கும் பல் செட் பட்டறைக்குக் கொண்டு போவது நான். போன வருடம் ஒரு தையல்காரருக்கு மேல் செட் வந்தது. பெட்டியைத் திறந்ததுமே இடது பக்கம் உயரமாக இருக்கிறது என்று எனக்குப் பட்டது. டாக்டரிடம் சொன்னேன், உனக்கென்ன தெரியும் என்கிற மாதிரி பார்த்தார். பல் படுகிற இடத்தில் மை ஒட்டுகிற நீலக் காகிதத்தைத் தையல்காரர் கடித்துக் காட்டினார், இடது பக்கம் மட்டும்தான் நீலம் ஒட்டியிருந்தது. அதோடு அந்தப் பெரியவர் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, இவ்வளவு வெள்ளையா இருக்கே, இது என் பல்லு இல்லம்மா, யாரோ மாப்பிள்ளை பல்லு என்றார். திருப்பிக் கொண்டு போனேன். பட்டறைக்காரர், நீங்கதான் கண்டுபிடிச்சீங்களா, உக்காருங்க என்று சொல்லி, மெழுகில் ஒவ்வொரு பல்லாகப் பதித்துக் காட்டினார். பதினான்கு பல். ஒன்றை ஒரு நூலிழை திருப்பினால் முகமே வேறு ஆகிவிடுகிறது. நான் கொண்டுபோன சாப்பாடு அப்படியே இருந்தது. மறு வாரம் அந்தத் தையல்காரர் சரியான செட்டோடு வந்து, என்னைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு என்ன வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்பாவிடம் சொன்னேன், பல்லா என்று கேட்டுவிட்டு டீ ஆறும்வரை சிரித்தார், இப்போது டிப்போவில் யாருக்குப் பல் வலித்தாலும் என் சம்சாரத்தைக் கேளு என்கிறாராம்.

படிவத்தை முப்பதாம் தேதி சாயங்காலம் ஐந்து மணி வரை மாற்றலாம். மாற்ற வேண்டும் என்றால் ஓடிபி எண் வேண்டும், அது வருவது உன் போனுக்கு, ஏனென்றால் பதிவு செய்தபோது உன் நம்பரைக் கொடுத்துத் தொலைத்தோம். நம்பரை மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டேன், மனு எழுதிக் கொடுங்க, இருபது வேலை நாள் ஆகும் என்றார்கள், அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். உன்னிடம் இரண்டு தடவை கேட்டேன். முதல் தடவை எண் வந்தது, எதுக்கும்மா மாத்தணும், ஒரு நிமிஷம் நான் சொல்றதைக் கேளு என்று ஆரம்பித்தாய், பத்து நிமிடத்தில் அந்த எண் செல்லாமல் போயிற்று. நீ அப்போதும் முடிக்கவில்லை. இரண்டாம் தடவை எண்ணுக்குப் பதில், வீட்டிலிருந்தே படிப்பதன் நன்மைகள் என்று ஒரு வீடியோ அனுப்பினாய். பக்கத்தில் இருந்திருந்தால் காதைத் திருகியிருப்பேன்.

இப்போது அந்த ஆலோசகர் சொன்னதைச் சொல்கிறேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, வருஷா வருஷம் பசங்களை இந்த நாற்காலியில உக்கார வச்சு, இது நீ எழுதினதா உங்கம்மா எழுதினதான்னு கேக்கறதுதான் என் வேலை, ஒரு அம்மாகிட்ட கேக்கறது இதுதான் முதல் தடவை என்றார். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வரும்வரை அதே நினைப்பு.

உனக்கு நினைவிருக்கும். பத்து வருடத்துக்கு முன்னால் நீ பள்ளி முடித்தபோது காகிதப் படிவம். முதல் விருப்பம் தோட்டக்கலை என்று குண்டு குண்டாக எழுதியிருந்தாய். போட்டோ ஒட்டப் பசை வாங்கி வா என்று உன்னைக் கடைக்கு அனுப்பினேன். பசை வீட்டிலேயே இருந்தது. நீ போனதும் வெள்ளை மை தடவி, காய ஊதி, உன் எழுத்து மாதிரியே கம்ப்யூட்டர் என்று எழுதினேன், தோட்டக்கலையை மூன்றாவதில் போட்டேன். நீ திரும்பி வந்தாய், படிவத்தைப் பார்த்தாய், பசை பிடித்த கை கொஞ்சம் நின்றது. பிறகு போட்டோவை ஒட்டினாய். நீ கவனிக்கவில்லை என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கவனித்தாய். உன் வேலையைப் பற்றி நீ என்னிடம் ஒரு நாளும் பேசியதில்லை, வீடியோவில் உன் முகத்தைவிட அந்தத் தொட்டிகளைத்தான் அதிகம் காட்டுகிறாய். தப்பு என்னுடையது. நீ நன்றாக இருக்கிறாய் என்பதால் அது சரியாகிவிடாது. அக்கறையில்தான் செய்தேன், நீயும் இப்போது அக்கறையில்தான் செய்திருக்கிறாய், அம்மா ஓய்வெடுக்கட்டும் என்று. அக்கறை என்றால் எவ்வளவு எரிச்சல் வரும் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. உனக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும், நீ வாயைத் திறக்கவில்லை. நான் திறப்பேன், எனக்கு உன் பொறுமை கிடையாது.

இதற்காக நீ இனிமேல் தோட்டக்கலை படி என்று நான் சொல்லப்போவதில்லை. உன் ஊரில் அதற்கு மாலை வகுப்பு இருக்கிறதா என்றும் கேட்கமாட்டேன், நாக்கு நுனி வரை வந்துவிட்டது, விழுங்கிவிட்டேன். என்றைக்காவது நீ ஏதாவது படிவம் நிரப்பினால் தயவு செய்து என்னிடம் காட்டாதே.

வேளா வேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வெளியே போகாதே. நீ நினைத்ததெல்லாம் நல்லபடியாக நடக்கட்டும், அப்பாவின் ஆசியும் சேர்த்துத்தான் எழுதுகிறேன், அவர் ஷிப்டுக்குப் போயிருக்கிறார். கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. இருபத்தைந்தாம் தேதி வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நான் ஆலோசகர் எதிரில் உட்கார்ந்திருப்பேன். உன் நாட்டில் அப்போது விடியற்காலை ஐந்தரை, அலாரம் வைத்துக்கொள். உன் போனுக்கு ஆறு எண்கள் வரும், உடனே நான் கூப்பிடுவேன். நலமா என்று கேட்க வேண்டாம், ஒரு நிமிஷம்மா என்று ஆரம்பிக்க வேண்டாம். ஆறையும் வரிசையாகப் படி. நான் என் கையால் எழுதிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
விண்ணப்பதாரர்.