அணைத்து வைத்த முப்பது நொடி

நவம்பர் 11, திங்கள்
பள்ளி ஆபீசையும் கம்ப்யூட்டர் லேபையும் இணைக்க, ஒரு பழைய கம்ப்யூட்டரில் நான் அமைத்த பிரிட்ஜ் என்ற இணைப்புப் பாலம் ஒவ்வொரு முறை எழும்போதும் முப்பது நொடி சும்மா கிடக்கிறது. ஸ்பானிங் ட்ரீ என்ற அமைப்பின் வேலை. பதினைந்து நொடி கவனிக்கும், பதினைந்து நொடி கற்றுக்கொள்ளும், அப்புறம்தான் வழிவிடும். கரண்ட் போய் வரும்போதெல்லாம் கிளார்க் தெரசா அக்கா, "எம்புட்டு நேரந்தான் சுத்தும்?" என்கிறார். இன்று அந்த அமைப்பை அணைத்துவிட்டேன். அக்காவுக்குச் சந்தோஷம்.

நவம்பர் 13, புதன்
வெள்ளியன்று ஆண்டாய்வு. பள்ளி முழுக்கப் பெருக்கல், துடைத்தல்.

நவம்பர் 15, வெள்ளி
ஆய்வு அதிகாரிகள் உட்கார்ந்திருக்கும்போதே மொத்த நெட்வொர்க்கும் படுத்துவிட்டது. ஒன்றரை மணி நேரம் தேடினேன். நெட்வொர்க் வயர்கள் கூடும் பெட்டியான ஆபீஸ் ஸ்விட்சிலிருந்து வந்து லேப் ஜன்னலில் சும்மா தொங்கிய வயரை யாரோ லேப் ஸ்விட்சில் சொருகியிருந்தார்கள். பிரிட்ஜ் வழியாக ஒரு பாதை, இந்த வயரில் இன்னொன்று. அனுப்பிய தகவலே திரும்பத் திரும்பச் சுற்றியிருக்கிறது.

சொருகியது அட்டெண்டர் சங்கிலி அண்ணன். "ஒரு வயரும் தொங்கக் கூடாதுன்னாங்க சார். ஓட்டை காலியா இருந்துச்சு, சொருகுனேன். அம்புட்டுத்தேன்."

இனி வேலைக்கு வர வேண்டாம் என்று அவரிடம் தாளாளர் ஃபாதர் சொல்லிவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

நவம்பர் 16, சனி
ஸ்பானிங் ட்ரீ எதற்கு என்று இப்போதுதான் ஒழுங்காகப் படிக்கிறேன். இரண்டு பாதை இருந்தால் ஒன்றை அடைத்து வைக்குமாம். அதை நான் — சரி, எழுதிவிடுகிறேன். அணைத்தது நான். யாருக்கும் தெரியாது. நானோ ஒப்பந்தத்தில் இருப்பவன். வாயை மூடிட்டு இருந்துரலாம். ஆனா பதினெட்டு வருஷமா வேலை பாக்குற மனுசன்டா அவரு. வெட்கமாக இருக்கிறது.

நவம்பர் 18, திங்கள்
அமைப்பை மறுபடி போட்டேன். ஃபாதரைக் கூப்பிட்டு, அதே வயரை அதே ஓட்டையில் சொருகிக் காட்டினேன். ஓரிரு நொடி தடுமாறிவிட்டு, பிரிட்ஜ் தன் ஒரு பக்கத்தை அடைத்துக்கொண்டது. எதுவும் படுக்கவில்லை.

"அப்ப வெள்ளிக்கிழமை ஏன் படுத்துச்சு?"

"நான் இத அணைச்சு வச்சிருந்தேன் ஃபாதர்."

"சங்கிலிக்கு போன் போடுங்க" என்றார். பிறகு, "உங்க ஒப்பந்தம் ஏப்ரல்ல முடியுதுல்ல?"

நவம்பர் 19, செவ்வாய்
சங்கிலி அண்ணன் பேரையூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். "முப்பது நொடிதானா சார்?" என்று மட்டும் கேட்டார்.

நவம்பர் 21, வியாழன்
காலையில் கரண்ட் போய் வந்தது. தெரசா அக்கா வாயைத் திறக்குமுன் வாசலிலிருந்து சங்கிலி அண்ணன் குரல்: "முப்பது எண்ணுங்க மேடம், வந்துரும்." அவரே சத்தமாக எண்ண ஆரம்பித்தார். நானும் மனசுக்குள் எண்ணினேன்.