டேங்கில் இருந்த சேறு

அப்பா,

நேரில் சொல்ல வாய் வரவில்லை. எழுதி வைத்துவிட்டு விராலிமலை லேப்புக்கு வேலைக்குக் கிளம்புகிறேன். இட்லி ஹாட்பாக்ஸில், சட்னி பிரிட்ஜில்.

ஆயுத பூஜைக்கு மண்வெட்டி, பைக் எல்லாம் கழுவினீர்கள், சரி. மேஜையில் நான் ஒட்டிச் செய்து வைத்திருந்த ஜெர்மன் ராணுவ டேங்க் மாடலை ஏன் கழுவினீர்கள்? கேட்டால், "நல்ல நாளும் அதுவுமா இம்புட்டுச் சேறோட வச்சிருக்கியே ஆத்தா" என்கிறீர்கள். அந்தச் சேறு நான் பூசியது அப்பா. சண்டையில் ஓடிய வண்டி அப்படித்தான் இருக்கும். புகைக்குழாயில் துரு பிடித்த மாதிரி கொண்டுவர மட்டும் நான்கு நாள் ஆனது. சோப்பும் பல் பிரஷும் போட்டு ஷோரூம் வண்டி ஆக்கிவிட்டீர்கள். போதாததற்கு பீரங்கிக் குழல்மேல் சந்தனம், குங்குமம். குங்குமம் பெயிண்டில் ஊறிவிட்டது, துடைத்தாலும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை திருச்சியில் மாடல் போட்டி. இருக்கிற மூன்று நாளில் முதலிலிருந்து பூச வேண்டும். அதனால் என் அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துப் போகிறேன். தேட வேண்டாம்.

மதி

பி.கு. மதியம் பெயிண்ட் பார்சல் வரும். வாங்கி வையுங்கள். பிரிக்காதீர்கள்.

இன்னொன்று. இதைப் படித்துக் கோபித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வராமல் இருந்துவிடாதீர்கள். நடுவர் ஏதாவது கேட்டால் எனக்குப் பேச்சு வராது, நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். கையை மட்டும் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்.